ஆளில்லாத வார்டுக்கு வாடகை

மார்ச் 4

தம்பிக்கு,

போனில் உன் பெயர் வந்ததைப் பார்த்தேன். எடுக்கவில்லை. இனிமேலும் எடுக்கமாட்டேன். போனில் நீ பேச ஆரம்பித்தால் கடைசியில் நான்தான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைப்பேன், உன் நாக்கு அப்படி. எழுது. எழுதிவிட்டால் பிறகு "நான் அப்படிச் சொல்லவே இல்லையே அக்கா" என்று மழுப்ப முடியாது.

விஷயம் இதுதான். போன மாதம் பிரசவ அறையில் மேஜைக்கு நேர் மேலே இருந்த டியூப் லைட் போய்விட்டது. மேஜையில் ஒரு பெண் வலியில் துடித்துக்கொண்டிருக்கிறாள். கட்டடம் கம்பெனியுடையது, பழுது பார்ப்பதும் கம்பெனிதான் என்று சுவரில் புகார் நம்பரை ஒட்டி வைத்திருக்கிறார்களே, அதற்குப் போன் போட்டேன். எடுத்தவள் ரொம்ப மரியாதையாகப் பேசினாள்.

"மேடம், லைட் புகாரெல்லாம் ரெண்டாம் நிலைல வருது. அஞ்சு வேலை நாள்ல முடிச்சுக் குடுத்துடுவோம்."

"குழந்தை அஞ்சு நாள் காத்திருக்காதும்மா."

"நீங்க சொல்றது புரியுது மேடம். புகார் எண்ணைக் குறிச்சுக்கிறீங்களா?"

குறித்துக்கொண்டேன். குறித்துக்கொண்டு, ஆயாவை அவளோடு நிற்க வைத்துவிட்டு, எதிரே இருக்கிற பல்ப் கடைக்கு ஓடி ஒரு டியூப் வாங்கி வந்து, ஸ்டூல் போட்டு ஏறி நானே மாட்டினேன். ஆண் குழந்தை. அம்மாவும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள்.

இன்றைக்குக் கம்பெனியிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வந்திருக்கிறது. கட்டடத்தில் அனுமதியில்லாமல் கை வைத்ததற்கு அபராதமாம். எவ்வளவு என்று நினைக்கிறாய்? எனக்குக் கீழே வேலை பார்க்கிற நர்ஸின் ஒரு மாதச் சம்பளம். ஒரு டியூப் லைட்டுக்கு! பெரிய டாக்டர் கூப்பிட்டு என்னிடம் விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷ வேலையில் என்னிடம் யாரும் விளக்கம் கேட்டதில்லை.

இந்த ஒப்பந்தத்தைப் போட்டது உன் நிதித்துறை. அந்தச் சமயத்தில் நீ அங்கேதான் இருந்தாய். எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து இந்த விதியை எழுதினான் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். பெயரை எழுதி அனுப்பு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு நீ ஸ்டூலில் ஏறி நிற்பதை நினைத்து. இரண்டாம் தடவை வரவில்லை.

அந்தப் புண்ணியவான் நான்தான்.

கோபப்படாமல் கேள். வெளியாள் ஒருவர் கட்டடத்தில் கை வைத்துவிட்டால், நாளைக்குக் கூரையே ஒழுகினாலும் "உங்க ஆளு கை வெச்சதாலதான்" என்று கம்பெனி நழுவிவிடும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் அந்த விதி. அரசாங்கத்தைக் காப்பாற்றுவதற்காக எழுதினேன். அது உன்னைப் போய்க் கடிக்கும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

பழைய கட்டடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார். மழைக்காலத்தில் தொட்டிலுக்கு ஒரு பக்கமும் வாளிக்கு ஒரு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தாய். ஒரு நாள் நேராக என் வீட்டுக்கு வந்து, போட்ட சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்தாய். "தம்பி நிதித்துறைல பெரிய ஆபீசர்னு ஊரெல்லாம் பீத்திக்கிறேன், ஒரு கூரை போட்டுக் குடுக்க வக்கில்லையாடா உனக்கு" என்றாய். என் மனைவி முன்னால். மறந்துவிட்டாயா?

அந்த வருஷம் அரசாங்கத்திடம் பணம் இல்லை. கடன் வாங்கவும் இடமில்லை, வாங்கக்கூடிய அளவுக்கு வாங்கியாகிவிட்டது. ஒரே ஒரு வழி இருந்தது. கம்பெனி தன் காசைப் போட்டுக் கட்டிக் கொடுக்கும், பழுதும் பார்க்கும். நாம் முப்பது வருஷம் வாடகை கொடுப்போம். கடன் என்று எழுதினால் கடன் கணக்கில் ஏறும். வாடகை என்று எழுதினால் ஏறாது. உன் கூரை அப்படித்தான் வந்தது. திறப்பு விழாவில் அமைச்சருக்குப் பக்கத்தில் நின்று நீ பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற போட்டோ இன்னும் என் மேஜைமேல் இருக்கிறது. மறு வருஷம் என் பாப்பா அங்கேதான் பிறந்தாள், உன் கையில்.

அபராதத்தை நான் கட்டிவிடுகிறேன். இதோடு செக் வைத்திருக்கிறேன். விஷயத்தை இத்தோடு விடு. போனையும் எடு.

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

உன் செக்கை நாலாகக் கிழித்து இந்த உறைக்குள்ளேயே போட்டிருக்கிறேன். நேரம் இருந்தால் ஒட்டிப் பார்த்துக்கொள். நான் உன்னிடம் காசா கேட்டேன்? பெயர் கேட்டேன், சொன்னாய். அந்த மட்டில் சரி.

ஆமாம், கூரை கேட்டேன். சாப்பிடாமல் உட்கார்ந்து கேட்டேன். கூரைக்குக் கீழே ஆள் வேண்டாம் என்று கேட்டேனா?

நேற்று என் வார்டிலிருந்து இரண்டு நர்ஸ்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருத்தி வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஊசி போட்டால் குழந்தைகள் அழாது, அப்படி ஒரு கை. மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "நான் என்னக்கா தப்புப் பண்ணேன்" என்று என்னைக் கேட்கிறாள். நேரே பெரிய டாக்டரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வாடகை ஏறிடுச்சும்மா. நமக்கு வர்ற பணம் ஏறல. வாடகையத்தான் முதல்ல குடுக்கணும்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. மிச்சம் இருந்தா சம்பளம், மருந்து. நான் என்ன பண்றது, சொல்லுங்க."

வருஷா வருஷம் ஏறுமாம். ஆனால் இந்த எட்டாவது வருஷத்தில்தான் ஒரேயடியாக ஏறியிருக்கிறதாம்.

எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். இந்த எட்டாவது வருஷத்தில் இப்படி ஆகும் என்று, கையெழுத்து விழுந்த அன்றைக்கே உனக்குத் தெரியுமா, தெரியாதா? சூழ்நிலை, நடைமுறை, வழிகாட்டுதல் என்று உன் ஆபீஸ் தமிழில் பூசி மெழுகாதே. தெரியும், இல்லை தெரியாது. ஒரே வார்த்தை.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். உன் வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டது.

தெரியும்.

எனக்கு மட்டும் இல்லை. அந்த அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். வாடகை அட்டவணையைப் போட்டவனே நான்தான், நான்தான் அதைத் திரையில் காட்டினேன். முதல் ஏழு வருஷம் வாடகை லேசாக இருக்கும். எட்டாவது வருஷம் எகிறும். அங்கிருந்து கடைசிவரை இறங்காது. சட்டத்துறை ஆள் ஒருவர் கேட்டார், "எட்டாவது வருஷம் இந்தப் பணத்த எங்கேர்ந்து குடுப்பீங்க?" எங்கள் செயலாளர் கையில் இருந்த டீயைக் கீழே வைக்காமலே, "எட்டாவது வருஷம் இந்த நாற்காலில எவன் உக்காந்திருக்கானோ அவனக் கேளுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன். செயலாளர் சொன்ன ஜோக் அல்லவா.

இதில் திருட்டு இல்லை அக்கா. யாரும் சல்லிக்காசு எடுக்கவில்லை. ஒரு தாளிலும் பொய் இல்லை. சட்டப்படிதான் எல்லாம் நடந்தது. ஏழு வருஷத்துக்குள் வருமானம் கூடிவிடும், யாராவது ஏதாவது செய்வார்கள் என்று நினைத்தோம். இல்லை, நினைக்கக்கூட இல்லை. அடுத்த கோப்பை எடுத்தோம்.

செயலாளர் ஓய்வு பெற்றுவிட்டார். அமைச்சர் வேறு துறைக்குப் போய்விட்டார். ஆலோசனை சொன்ன நிறுவனம் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களில் இன்னும் இங்கே மிச்சம் இருப்பவன் நான் ஒருத்தன்தான்.

இன்னொன்று. சட்டசபை உறுப்பினர்கள் உட்கார்ந்து அதிகாரிகளைக் கேள்வி கேட்கிற கணக்குக் குழு, இந்த ஒப்பந்தத்தை விசாரணைக்கு எடுத்திருக்கிறது. மே மாதக் கடைசியில் விசாரணை. ஆஸ்பத்திரி பக்கத்திலிருந்தும் சாட்சி கேட்பார்கள். உன் பெரிய டாக்டர் தான் தப்பித்துக்கொண்டு உன்னைக் கை காட்டுவார். போகாதே. உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடு. இந்தக் கடிதத்தையும் கிழித்துப் போட்டுவிடு. கிழிப்பதில் நீ கெட்டிக்காரி.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

கிழிக்கவில்லை.

இன்று காலையில் உத்தரவு வந்துவிட்டது. மாதக் கடைசியோடு பிரசவ வார்டை மூடுகிறார்கள். வலி எடுத்தால் இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். அந்தக் காகிதத்தில் மூடுவது என்ற வார்த்தையே இல்லை. "சேவைகளை ஒருங்கிணைத்தல்" என்று போட்டிருக்கிறார்கள். வலியோடு பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவளிடம் போய்ச் சொல், அவளை ஒருங்கிணைத்திருக்கிறோம் என்று.

மூடினால் வாடகை குறையுமா என்று கேட்டேன். குறையாதாம். வாடகை மொத்தக் கட்டடத்துக்குமாம். ஆளில்லாத வார்டுக்கும் கொடுத்துக்கொண்டே இருப்பார்களாம், இன்னும் இருபத்துமூன்று வருஷத்துக்கு. நர்ஸுக்கு இல்லாத பணம், பூட்டிய கதவுக்கு இருக்கிறது. அதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தில் பெரிய டாக்டரின் பேனா ஸ்டாண்டைத் தட்டிவிட்டேன். வேண்டுமென்றேதான்.

உன் கடிதத்தில் என் வயிறு எரிந்தது எந்த இடத்தில் தெரியுமா? நீ தெரியும் என்று எழுதிய இடத்தில் இல்லை. அதை எப்படியும் யூகித்திருந்தேன். நீ சிரித்தாயே, அந்த இடத்தில். எட்டாவது வருஷம் எவன் உட்கார்ந்திருப்பான் என்று உன் செயலாளர் கேட்டாரே, நான் சொல்கிறேன், எழுதிக்கொள். பல்ப் கடைக்காரர் மகள் உட்கார்ந்திருக்கிறாள். எட்டாம் மாதம். இன்று மத்தியானம் என் வார்டு வாசல் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு "அடுத்த மாசம் எங்க வரணும் சிஸ்டர், இங்கயா அங்கயா" என்று கேட்டாள். முதல் பிரசவத்திலேயே அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை, நான்தான் பார்த்தேன். அவளிடம் என்ன சொல்ல? என் தம்பி சிரித்தான் என்றா?

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். உன் அளவுக்கு வராது, விரல் விட்டுத்தான் எண்ணினேன். இந்த ஒப்பந்தம் முடியும்போது பாப்பாவுக்கு வயசு இருபத்தொன்பது. பிறப்பதற்கு முன்னாலேயே அவள் தலையில் கட்டிவிட்டாய். பெயர்கூட வைக்கவில்லை, வாடகை வைத்துவிட்டாய்.

குழு கூப்பிட்டால் போவேன். கண்ணால் பார்த்ததைச் சொல்வேன். உன் கடிதத்தைக் காட்டமாட்டேன், அந்தப் பயம் வேண்டாம். அதில் இருப்பது அங்கே நீயே எழுந்து நின்று சொல்ல வேண்டியது.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

போதும்.

கேட்டவள் நீ, கொடுத்தவன் நான். இப்போது கொடுத்தவன் குற்றவாளி, கேட்டவள் நீதிபதி. நன்றாக இருக்கிறது. அந்தக் கட்டடம் வராமல் இருந்தால் இந்த ஏழு வருஷமும் வாளியைத் தூக்கிக்கொண்டுதான் அலைந்திருப்பாய். ஏழு வருஷம் எத்தனை குழந்தைகள் நனையாமல் பிறந்தன என்று விரல் விட்டு எண்ணேன் பார்ப்போம்.

உனக்கென்ன, நியாயம் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவாய். எனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, பாப்பா இருக்கிறாள், அவள் அம்மாவின் மருந்துச் செலவு இருக்கிறது. பெரிய தலைகள் எல்லாம் கை கழுவிவிட்டுப் போயாகிவிட்டது. மாட்டப்போகிறவன் நான் ஒருத்தன்தான். உனக்கு அது தெரிந்தும் சாட்சி சொல்லப் போகிறேன் என்கிறாய்.

பாப்பாவை இதில் இழுக்காதே. அந்த வரியைப் படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. உனக்கு அதுதானே வேண்டும்.

நான் குழு முன்னால் சொல்ல வேண்டியதைத் துறையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "எதிர்பாராத விலைவாசி ஏற்றத்தால் வாடகை உயர்ந்தது." அவ்வளவுதான். அதை வாசித்துவிட்டு உட்காருவேன். நீ வந்து அது பொய் என்று சொன்னால், கூடப் பிறந்தவனை நாலு பேர் நடுவில் பொய்யன் என்று சொல்கிறாய் என்று அர்த்தம். யோசித்துக்கொண்டு கிளம்பு.

தம்பி


மே 13

தம்பிக்கு,

நிம்மதியாக இரு, நான் வரப்போவதில்லை. என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். ஊரை விட்டுப் போகக் கூடாது. தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். வார்டைப் பூட்டிவிட்டு என்னை ஊசி போடுகிற அறைக்கு மாற்றினார்கள். நான் தினமும் அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே பார்த்தால் எல்லா லைட்டும் எரிகிறது. கம்பெனி ஆள் தினமும் பின்வழியாக வந்து தரையைப் பளபள என்று துடைத்துவிட்டுப் போகிறான். கட்டடம் எப்போதும் தயார் நிலையில் இருந்தால்தான் அவர்களுக்கு முழு வாடகையாம். தயாராகத்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் ஒரு பினாயில் பாட்டிலுக்கு நான் எத்தனை நாள் நடந்திருக்கிறேன்! இப்போது யாரும் மிதிக்காத தரைக்குத் தினமும் பினாயில்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் பல்ப் கடைக்காரர் தன் மகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார். நாள் இன்னும் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள், அதற்குள் வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் இன்னொருத்தியை ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது, திரும்பவில்லை. பெஞ்சில் படுக்க வைத்துப் பார்த்தேன். குழந்தையின் தலை தெரிகிறது. ரத்தமும் போகிறது.

"சிஸ்டர், கதவத் தொறங்க சிஸ்டர், உங்கள கும்பிடுறேன்" என்று அந்த மனுஷன் கத்துகிறார். காவலுக்கு நின்ற செக்யூரிட்டி கையை விரிக்கிறான். "மேடம், சாவி எங்கிட்ட இல்ல மேடம். புகார் நம்பருக்குப் போன் போட்டாத்தான்..." என்று இழுத்தான்.

சுவரில் மாட்டியிருந்த தீயணைக்கிற உருளையை எடுத்துக் கண்ணாடிக் கதவில் போட்டேன். முதல் அடிக்கு அசையவில்லை, நல்ல கண்ணாடிதான். இரண்டாவது அடிக்கு மொத்தமும் கொட்டியது. பெட்ஷீட்டைப் போட்டு மூடி, அதன்மேல் மிதித்து அவளைத் தூக்கிக்கொண்டு போனோம். தொப்புள்கொடி குழந்தையின் கழுத்தில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது. பெண் குழந்தை. நீலமாக வந்து, கொஞ்ச நேரம் என்னைப் பயமுறுத்திவிட்டுத்தான் அழுதது. தாய்க்கு ரத்தம் நிற்க நேரமாயிற்று, ஆனால் நின்றது. இதே பெண் அந்நேரம் பஸ்ஸில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மேஜைக்கு மேலே எரிந்தது நான் மாட்டின டியூப் லைட். கம்பெனி அதைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறது. அபராதம் வாங்கியாகிவிட்டதே, பிறகென்ன.

கதவுக்கு ஒரு அபராதம், மூடிய பகுதியைப் பயன்படுத்தியதற்கு ஒரு அபராதம், எனக்கு சஸ்பெண்ட். கதவை மட்டும் மறுநாளே புதிதாகப் போட்டுவிட்டார்கள். அதற்கு ஐந்து வேலை நாள் ஆகவில்லை.

நீ போய் வாசி. எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசி. பொய்யன் என்று சொல்ல நான் அங்கே இருக்கமாட்டேன்.

அக்கா


மே 24

அக்காவுக்கு,

நேற்று விசாரணை நடந்தது.

எனக்கு முன்னால் நாலு பேர். இப்போதைய செயலாளர் "அது எனக்கு முன்னாடி நடந்தது" என்றார். சுகாதாரத்துறை "நிதித்துறை சொன்னதைச் செய்தோம்" என்றது. ஆலோசனை நிறுவனத்திலிருந்து வந்த இளைஞன் "நாங்க ஆலோசனைதான் சொன்னோம், முடிவு எடுக்கல" என்றான். பழைய செயலாளருக்கு உடம்பு சரியில்லையாம், டாக்டர் சர்ட்டிபிகேட் வந்தது. உனக்கு நான் சொல்லிக் கொடுத்த அதே வழி. அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது.

என் முறை வந்தது. காகிதம் கையில் இருந்தது. குழுத் தலைவர் கேட்டார், "எட்டாவது வருஷம் இப்படி ஏறும்னு யாருக்காவது முன்னாடியே தெரியுமா?"

காகிதத்தின் முதல் வரியைத்தான் வாசிக்கப் போனேன். அந்தக் கொடியை நினைத்தேன், இரண்டு சுற்று என்று எழுதியிருந்தாயே. "தெரியும்" என்றேன். "எனக்குத் தெரியும். அட்டவணை போட்டதே நான். எல்லாருக்கும் காட்டினேன். பார்த்துட்டு எல்லாரும் சிரிச்சோம்."

"சிரிச்சீங்களா?"

"ஆமாங்க. இப்ப அந்த வார்டு பூட்டியிருக்கு. அதுக்கும் வாடகை குடுக்கறோம். போன வாரத்துக்கு முந்தின வாரம் ஒரு நர்ஸ் கதவ உடைச்சுப் பிரசவம் பாத்தாங்க. அவங்கள சஸ்பெண்ட் பண்ணிட்டோம். அந்த அறையில சிரிச்சவங்க யாரையும் பண்ணல."

பெருமைப்பட எழுதவில்லை, கேள். தலைவர் பக்கத்தில் இருந்தவர் அவர் காதில் ஏதோ சொன்னார். அந்த ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்த மந்திரிசபையில் தலைவரும் இருந்திருக்கிறார். நான் அதை மறந்தே போயிருந்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கேட்ட கேள்விக்கு வெளியில பேசறீங்க. இதப் பதிவுலேர்ந்து எடுத்துடுங்க. எழுத்துல குடுத்த பதிலே போதும்" என்றார். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அழித்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

என்ன ஆயிற்று புரிகிறதா? நான் வாயால் சொன்ன உண்மை எங்கேயும் இல்லை. நான் வாசிக்கவே வாசிக்காத பொய் என் பெயரில், முன்னாலேயே போட்டுக் கொடுத்த என் கையெழுத்தோடு, என்றைக்கும் இருக்கும். இன்று காலை பழைய கோப்புகள் வைக்கிற கிட்டங்கிக்கு என்னை மாற்றிவிட்டார்கள். அது போகட்டும். அழித்தார்களே, அதைத்தான் விட முடியவில்லை. இத்தனை வருஷ உத்தியோகத்தில் எனக்கு இப்படி ஆத்திரம் வந்ததில்லை. நீ எப்படி இதை மார்ச்சிலிருந்து தாங்கினாய்?

எழுதினால் மழுப்ப முடியாது என்றாய். எழுதுகிறேன். இந்த ஆஸ்பத்திரியின் வாடகை ஒப்பந்தத்தில் எட்டாவது வருஷம் சம்பளத்துக்குப் பணம் இருக்காது என்று, கையெழுத்துக்கு முன்னாலேயே எங்களுக்குத் தெரியும். கடன் கணக்கில் ஏறக்கூடாது என்பதற்காக அதை வாடகை என்று எழுதினோம். கட்டப்போகிறவர்கள் அன்றைக்கு அந்த அறையில் இல்லை, அதனால் சிரித்தோம். கணக்குக் குழு முன்னால் இதைச் சொன்னேன், அழித்துவிட்டார்கள். கீழே என் கையெழுத்தும் பதவியும் போட்டிருக்கிறேன்.

இந்தத் தாளை நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள். கிழிக்க மட்டும் கிழிக்காதே.

தம்பி


ஜூன் 5

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. ஒட்டினேன்.

உன் கடைசித் தாளை மட்டும் பல்ப் கடைக்காரர் பெரிதாக நகல் எடுத்துக் கொண்டுவந்தார். போன புதன்கிழமை காலை கையெழுத்துப் போட வந்தபோது, அந்தப் புதுக் கண்ணாடிக் கதவில் நல்ல கெட்டிப் பசையாகத் தடவி ஒட்டினேன். செக்யூரிட்டி ஓடிவந்தான். கிழிக்கப் போகிறான் என்று நினைத்து நடுவில் போய் நின்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "நான் கிழிக்க முடியாது மேடம். கதவு, சுவரு எதுலயும் நாங்க கை வெக்கக் கூடாது, எங்களுக்கும் அபராதம் உண்டு. புகார்தான் போடணும்" என்றான். போட்டான், என் முன்னாலேயே. கதவில் காகிதம், ரெண்டாம் நிலை. ஐந்து வேலை நாள்!

நான் சிரித்தேன் பார், அந்த நடைபாதையே திரும்பிப் பார்த்தது. நீ எழுதிய விதியே உன் கடிதத்துக்குக் காவல் நின்றது. நடுவில் சனி, ஞாயிறு வேறு வந்தது. ஊரே வந்து படித்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கு, வேலை போன அந்தச் சின்ன நர்ஸ் நின்று சத்தமாகப் படித்துக் காட்டினாள். "அதனால் சிரித்தோம்" என்கிற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். ஒரு தாத்தா உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன், நீ அதை வாங்கத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் பத்திரிகையில் படத்தோடு வந்துவிட்டது. இப்போது உன் குழு திங்கட்கிழமை நேரில் வருகிறதாம். அதற்காக வார்டைத் திறந்து, படுக்கையெல்லாம் விரித்து, இரண்டு நர்ஸ்களை ஒரு நாளைக்கு மட்டும் திரும்பக் கூப்பிடச் சொல்லி உத்தரவு. ஒரு நாள் கூத்துக்கு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. எட்டாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று இருக்கிற அத்தனை பெண்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வந்து, விரித்த படுக்கையில் படுத்துக்கொள்ளுங்கள், எழுந்திருக்காதீர்கள் என்று. சாயங்காலம் மூட வருகிறவன் அவர்களை எழுப்பிப் பார்க்கட்டும்.

என் சஸ்பெண்ட் அப்படியே இருக்கிறது. உன் வேலை என்ன ஆகுமோ தெரியவில்லை, அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பாதியை எடுத்து உன்னை இப்படிச் செய்தவர்கள் பக்கம் திருப்பியிருக்கிறேன், அவ்வளவுதான். போன் போடு, எடுக்கிறேன்.

கதவில் காகிதம் ஒட்டியதற்குக் கம்பெனியிலிருந்து அபராதம் வந்துவிட்டது. இதை நீ கட்டு. செக் அனுப்பாதே, நேரில் வா. பாப்பாவையும் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமையே வா. இருபத்தொன்பது வயசு வரைக்கும் அவள் வாடகை கட்டப்போகிற இடம், ஒரு தடவை உள்ளே வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

அக்கா